தீப டிக்கெட்டும் பத்து வரி புரோகிராமும்

கார்த்திகை மாதம் நெருங்கினாலே நம் டிஜிட்டல் பக்கத்துக்குத் திருவண்ணாமலை கேள்விகள் வரிசைகட்டும். இந்த முறை ஒரு வாசகி கேட்டது கொஞ்சம் புதுசு: “என் பையன் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிறான். பைத்தான்ல பத்து வரி எழுதினா தீப டிக்கெட்டை அதுவே எடுத்துக் கொடுத்துடும்னு சொல்றான். நிஜமா?”

பாதி நிஜம். மீதிப் பாதியில்தான் வம்பு.

முதலில் டிக்கெட் கணக்கைப் பார்த்துவிடலாம். 2023-ல் அண்ணாமலையார் கோயிலில் பரணி தீபத்துக்கு 500 ரூபாய் சீட்டு 500. மகா தீபத்துக்கு 600 ரூபாய் சீட்டு 100, 500 ரூபாய் சீட்டு 1,000. ஆக, ஆன்லைனில் மொத்தமே 1,600 சீட்டுகள். அன்று ஊருக்குள் வருகிறவர்களோ லட்சக்கணக்கில். (2,668 அடி உயர மலைமேல் எரிகிற தீபத்தைத் தெருவில் நின்றே கும்பிடலாம்; அதற்குச் சீட்டே வேண்டாம். ஆனால் கோயிலுக்கு உள்ளே நின்று பார்க்கிற ஆசை யாரை விட்டது?)

சரி, அந்தப் பத்து வரி என்ன செய்யும்? நீங்கள் போனில் ஒரு முகவரியைத் தட்டியதும் பிரவுசர் அந்த சர்வருக்கு ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்று ஒரு கோரிக்கை அனுப்புகிறது. வருகிற பதிலைப் படமும் எழுத்துமாக அலங்கரித்துக் காட்டுகிறது. அலங்காரத்தை விட்டுவிட்டு, கோரிக்கையை அனுப்பிப் பதிலை வாங்குவதை மட்டும் செய்கிற ரெடிமேட் கருவிகள் உண்டு. பைத்தான் மொழியில் ‘ரெக்வெஸ்ட்ஸ்’ என்ற லைப்ரரி அதில் பிரபலம். ஒரே வரி எழுதினால் பக்கம் கைக்கு வந்துவிடும். பையன் சொன்னது அந்த அளவுக்குச் சரி.

வம்பு எங்கே? மனுஷர் ஐந்து விநாடிக்கு ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்தால் நிமிஷத்துக்கு 12 கோரிக்கை. புரோகிராம் விநாடிக்குப் பத்து அனுப்பினால் 600. அதாவது, ஒரு லேப்டாப் ஐம்பது பேர் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சர்வர் திணறினால் ‘503’ என்று பதில் வரும். ‘இப்போது முடியாது’ என்று அர்த்தம். ‘429’ என்றால், ‘நீ அளவுக்கு மீறிக் கேட்கிறாய்’. கூடவே, எத்தனை விநாடி கழித்து வரவேண்டும் என்றும் சர்வர் சொல்லி அனுப்பலாம். அதைப் படித்துக் காத்திருப்பதுதான் முறை. அவசரத்தில் எழுதிய புரோகிராம்கள் அதைப் படிப்பதே இல்லை. இன்னும் வேகமாக இடிக்கும். கடைசியில் சைட் எல்லோருக்கும் படுத்துவிடும், இடித்தவருக்கும் சேர்த்து.

இதைவிட முக்கியம், பணம். கோரிக்கையில் இரண்டு ரகம் நமக்குத் தெரிந்தால் போதும். ‘கெட்’ என்பது சும்மா பக்கத்தைக் காட்டச் சொல்வது. நூறு முறை கேட்டாலும் உங்கள் பணம் போகாது. ‘போஸ்ட்’ என்பது விவரத்தைக் கொடுத்து ஒரு வேலையைச் செய்யச் சொல்வது: பதிவு செய், பணம் எடு. பதில் வரவில்லை என்றால், கோரிக்கை போய்ச் சேரவில்லை என்று அர்த்தமல்ல. வேலை முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அப்போது மறுபடி போஸ்ட் அனுப்பினால் இரண்டாவது முறையும் பணம் போக வாய்ப்பு உண்டு. பேமென்ட் பக்கத்தில் ரெஃப்ரெஷ் அழுத்தினால், விவரங்களைத் திரும்ப அனுப்பவா என்று பிரவுசர் கேட்குமே, அது இதற்காகத்தான். கேட்டால் ‘வேண்டாம்’ சொல்லுங்கள். பேங்க் எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறதா, பதிவுப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த முயற்சி. புரோகிராமுக்கு இந்த நிதானம் தானாக வராது, எழுதுகிறவர்தான் வைக்க வேண்டும்.

தவிர, தீப டிக்கெட்டுக்கு ஆதார், செல்போன் எண், இமெயில் எல்லாம் கேட்கிறார்கள். ஓர் ஆதாருக்கு ஒரு சீட்டுதான். பத்து வரி இந்த இடத்தில் முட்டி நிற்கும். நிற்கட்டும் என்பதுதான் என் கட்சி. வேலூரில் நெட் சென்டர் வாசலில் காத்திருக்கும் பாட்டிக்கும் லேப்டாப் வைத்திருக்கும் பையனுக்கும் அந்த 1,600-ல் ஒரே உரிமைதானே?

ரயில்வேயில் இந்தக் கதை ஏற்கெனவே நடந்தாயிற்று. தட்கல் விவரங்களை வேகமாக நிரப்பிக் கொடுக்கும் ஆப் தயாரித்ததற்காக 2020-ல் திருப்பூர் இன்ஜினீயர் ஒருவரை ரயில்வே பாதுகாப்புப் படை கைது செய்தது. 2025-ல் ரயில்வே சொன்ன கணக்கு இன்னும் அதிர்ச்சி: முன்பதிவு திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் லாகின் முயற்சிகளில் 50 சதவிகிதம் வரை பாட்களாம்! 2.5 கோடி கணக்குகளை முடக்கினார்கள். அந்த ஜூலை 1 முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம்.

அதற்காகப் பையனைத் திட்டாதீர்கள், அம்மா. நல்ல விஷயம்தான் கற்றுக்கொண்டிருக்கிறார். பழகிப் பார்க்க ‘எச்.டி.டி.பி.பின்’ என்றே ஒரு தளம் இருக்கிறது. 429, 503 எல்லாம் அங்கே கேட்டு வாங்கலாம். ரெக்வெஸ்ட்ஸில் டைம்அவுட் நாமாகக் கொடுக்காவிட்டால் அது பதிலுக்காகக் காத்துக்கொண்டே கிடக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். டிக்கெட் தேதி அறிவித்துவிட்டார்களா என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்து உங்களுக்குச் சொல்கிற புரோகிராமை எழுதட்டும். பதிவு திறக்கிற அன்று, ஆதார் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு நீங்களே போனில் தட்டுங்கள்.