மண்டையில் ஏறவில்லையா, ஏற்றவில்லையா?

சங்ககிரிப் பக்கம் எங்கள் தெருப் பையன் ஒருவன். நான்காம் வகுப்பு. சத்தத்தை வைத்தே எந்த லாரி வருகிறது என்று சொல்லிவிடுவான். ஆனால் ட, ப, ம மூன்றும் அவனுக்கு ஒரே எழுத்து. வாத்தியாரிடம் கேட்டேன். "அருந்ததியப் பசங்களுக்கு மண்டையில ஏறாதுங்க." அவ்வளவுதான் அவருடைய மனோதத்துவம்.

இதே குழப்பம் வசதியான சாதி வீட்டில் வந்தால் அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். டாக்டர், சான்றிதழ், பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம். சேரிப் பிள்ளைக்கு வந்தால் அதன் பெயர் சாதி.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுத்து அடையாளம் காணச் சொல்கிறது. எங்கள் தெருவுக்கு யாரய்யா வந்தது?

சொல்லித்தரும் முறை ஒன்றும் சீமைச் சரக்கல்ல. எழுத்தை வாயால் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதவைப்பது. திண்ணைப் பள்ளியில் செய்ததுதான். (அந்தத் திண்ணையில் நம் பாட்டன் ஏற முடிந்ததா என்பது வேறு கதை. வேறு கதையா என்ன?)

மணலுக்குப் பதில் பையனுக்குக் கிடைப்பது அடி. வாத்தியார் அடி என்ன செய்யும் என்பது சேலம் மாவட்டத்துக்குத் தெரியும். 1995இல் மற்ற சாதிப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த தண்ணீரைக் குடித்தாள் என்று ஒரு தலித் சிறுமியை அடித்ததில் அவளுக்கு ஒரு கண் போனது. ஊனத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாத பள்ளிக்கூடத்துக்கு உண்டாக்கத் தெரிந்திருந்தது.

"பட்டறைக்கே அனுப்பிரலாமுங்களா?" என்று பையனின் அம்மா கேட்கிறது. வேண்டாம் என்றேன். நாளைச் சாயங்காலம் ஒரு சாக்கு மணலோடு போகிறேன்.