96 ஆடுகளின் நெய்யும் ஒரு கட்டுரையின் பொய்யும்

வீட்டுச் சமையலுக்குத் தேங்காயெண்ணெயும் நெய்யும் மட்டும் போதும், மற்றதெல்லாம் விஷம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. காவிரிக்கரை முன்னோர்கள் இந்த இரண்டில்தான் சமைத்தார்களாம். விதைகளிலிருந்து எடுக்கும் எண்ணெய்களெல்லாம் கம்பெனிக்காரர்களின் சூழ்ச்சியாம். கொலஸ்ட்ரால் என்பதே மாத்திரை விற்கக் கிளப்பிவிட்ட பயமாம். இதற்கெல்லாம் சாட்சியாக ஸ்ரீரங்கத்து மடப்பள்ளியை வேறு இழுத்திருக்கிறார் கட்டுரையாளர். முன்னோர்களைப் பற்றிய கூற்று வரலாற்றுப் பிழை. இரண்டாவது அறியாமை. மூன்றாவது, ஆளைக் கொல்லக்கூடியது.

முன்னோர்களிடமிருந்தே தொடங்கலாம். கட்டுரையாளர் எந்த வீட்டு முன்னோர்களைச் சொல்கிறார்? ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ புளிக்காய்ச்சல் காய்ச்சும் அடுப்பருகே அவர் ஒருநாளாவது நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார். மிளகாய் வற்றல், கடுகு, கடலைப்பருப்பு, பெருங்காயம் எல்லாம் நல்லெண்ணெயில் பொரியும். கெட்டியாகக் கரைத்த புளி அதில் இறங்கும். அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால் புளி சுண்டி, எண்ணெய் பிரிந்து மேலே வந்து நிற்கும். மேலே நிற்கும் அந்த எண்ணெய்தான் புளிக்காய்ச்சலைப் பல நாள் கெடாமல் காக்கிறது. இதையே தேங்காயெண்ணெயில் செய்தால் என்ன ஆகும்? 24, 25 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறைந்துவிடும். மார்கழி விடியலில் ஜாடியைத் திறந்தால் வெள்ளைப் பாளம்தான் இருக்கும். வத்தக்குழம்பு, எண்ணெய்க் கத்திரிக்காய், ஊறுகாய், இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாய்ப்பொடி என்று திருச்சிச் சமையலின் முதுகெலும்பே நல்லெண்ணெய்.

அது எங்கிருந்தோ வந்ததும் அல்ல. நெல் அறுத்த தரிசில் எள் விதைப்பது டெல்டா உழவர்களின் நெடுநாள் வழக்கம். அந்த எள்ளைக் காயவைத்துச் செக்கில் போட்டு, எண்ணெய் பிரிவதற்குக் கருப்பட்டியையும் சேர்த்து ஆட்டுவார்கள். எண்ணெய் வீட்டுக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு. ஒரு வட்டாரத்தின் உழவும் மாடும் அடுப்பும் ஒன்றாய்ப் பிணைந்திருந்த இந்த ஏற்பாட்டைக் கட்டுரையாளர் ஒரே வாக்கியத்தில் அழித்துவிட்டு, அந்த இடத்தில் கேரளத்து வழக்கத்தை உட்காரவைத்து, இதுதான் உன் பாட்டன் சொத்து என்கிறார். தேங்காயெண்ணெய்ச் சமையல் கேரளத்தின், குமரி மாவட்டத்தின், யாழ்ப்பாணத்தின் பெருமைமிக்க மரபு. அதை யாரும் குறை சொல்லவில்லை. நம் ஊரில் அது அவியல் மேல் ஒரு கரண்டியாக வந்தது. மற்றபடி தலைக்குத்தான் போனது.

நெய்க்கு வருவோம். கோயிலைச் சாட்சிக்கு அழைத்தவர் கோயில் கல்வெட்டுகளையும் படித்திருக்க வேண்டும். சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்கு எரிவதற்கு 96 ஆடுகளைத் தானமாகக் கொடுத்தார்கள். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். அந்த 96 ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்குக் கொடுக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு. இன்றைய அளவில் 200 மில்லிகூடத் தேறாது. ஒரு விளக்கின் நெய்க்கு ஒரு மந்தை வேண்டியிருந்த நாட்டில், ஊரார் அத்தனை பேரும் நெய்யில் வதக்கி, நெய்யில் பொரித்து வாழ்ந்தார்கள் என்று எழுத எப்படி மனம் வந்தது? நெய் அளந்து கொடுத்த பொருள். பருப்புஞ்சாதத்தின் மேல் ஒரு கரண்டி, பிள்ளைக்கு அரைக் கரண்டி, வசதியில்லாத வீட்டில் பண்டிகைக்கு மட்டும் என்பதே அதன் கணக்கு.

திருப்பாவையும் இதையே சொல்கிறது. 2ஆம் பாசுரத்தில் நோன்புக்காக நெய்யையும் பாலையும் விலக்குகிறார்கள் ஆண்டாளின் தோழியர். நெய் ஒழுகும் சோறு வருவது 27ஆம் பாசுரத்தில். அந்தப் பாசுரம் பாடும் கூடாரவல்லியன்று அக்காரவடிசலில் நெய் மிதப்பது அந்த விலக்குக்குப் பின்னால்தான். பெருமாளுக்குப் படைத்துக் கைப்பிடி அளவு வாங்கிக்கொள்ளும் பிரசாதத்தை மூன்று வேளைச் சமையலுக்கு விதியாக்குவது பக்தியும் அல்ல, மரபும் அல்ல.

அடுத்து, விதை எண்ணெய் விஷம் என்ற வாதம். எள் விதை. கடலை விதை. தேங்காயும் விதைதான். ரீஃபைண்ட் எண்ணெய் ஆலைகளின் மீது அவருக்குக் கோபம் இருந்தால் அதைச் சொல்லட்டும், நானும் சேர்ந்து சொல்கிறேன். 1937இல் வந்த டால்டாவை நெய்க்கு மாற்று என்று நம்பித் தலைமுறைகள் தின்றன. அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு எவ்வளவு கேடு என்பது தெரிந்த பிறகும் அதை 2 விழுக்காட்டுக்குள் கட்டும் விதி நடைமுறைக்கு வர 2022 ஆனது. அந்தத் துரோகத்தை அனுபவித்த மக்களுக்குக் கம்பெனிகள்மீது சந்தேகம் வருவது நியாயம். ஆனால் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் செய்த குற்றம் என்ன? அவற்றிலுள்ள லினோலெயிக் அமிலம் உடலில் அழற்சியை மூட்டுகிறது என்கிறார். மனிதர்களுக்கு அதைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் அழற்சிக் குறியீடுகள் உயரவில்லை. 2018இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் பேராசிரியர் கரின் மைக்கேல்ஸ் தேங்காயெண்ணெயை விஷம் என்று சொன்னபோது இந்தியா கொதித்தது, சரியாகவே கொதித்தது. அதே பழிச்சொல்லை நல்லெண்ணெய்மீது வீசுகிறவருக்கு அந்தக் கோபத்தில் பங்கு கேட்க உரிமையில்லை.

இனி இதயம். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு, நெய்யில் ஆறு பங்குக்கு மேல். நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு நிறைவுற்ற கொழுப்பின் உச்ச வரம்பு சுமார் 22 கிராம். ஒரு மேசைக்கரண்டித் தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 11 கிராம் இருக்கிறது. இரண்டு கரண்டியிலேயே அன்றைய வரம்பு தீர்ந்துவிடும், இன்னும் பாலும் தயிரும் தேங்காய்ச் சட்னியும் இலைக்கு வரவில்லை. அதே ஒரு கரண்டி நல்லெண்ணெயில் 2 கிராம்தான்.

தேங்காயெண்ணெயின் கொழுப்பு தனி ரகம், உடனே எரிந்துவிடும் என்கிறார் கட்டுரையாளர். அந்தச் சிறப்பு 8, 10 கார்பன் கொண்ட கொழுப்பமிலங்களைப் பிரித்தெடுத்த எண்ணெயை வைத்துக் கண்டது. தேங்காயெண்ணெயில் அவை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். பாதியளவு இருப்பது லாரிக் அமிலம், அதில் பெரும்பகுதி மற்ற கொழுப்புகள் போகும் வழியிலேயே ரத்தத்துக்குப் போகிறது. 2020இல் சர்குலேஷன் மருத்துவ இதழில் 16 சோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த ஆய்வு வந்தது. சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ராலை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்று அது காட்டியது. நல்ல கொலஸ்ட்ராலும் 4 கூடுகிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 4, இந்த 10ஐ ஈடுகட்டும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

கொச்சியில் 200 இதய நோயாளிகளிடம் இரண்டாண்டு நடந்த சோதனையை அவர் வெற்றிக்கொடியாகப் பிடிக்கிறார். தேங்காயெண்ணெய்க் குழுவுக்கும் சூரியகாந்திக் குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது உண்மை. அந்த நோயாளிகள் உரிய இதய மருந்துகளை உட்கொண்டபடிதான் சோதனையில் இருந்தார்கள். இந்த முக்கால் உண்மையை விட்டுவிட்டு, அதன் பலத்தில்தான், சமையலெண்ணெயை மாற்றினால் கொலஸ்ட்ரால் மாத்திரை தேவைப்படாது என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறார். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய ஒரு தில்லைநகர் ஓய்வூதியரோ உறையூர் நெசவாளியோ அந்தப் பத்தியை நம்பி மாத்திரையை நிறுத்தினால், வரும் விளைவுக்கு யார் பொறுப்பு?

கட்டுரை கண்டுகொள்ளாத இன்னொரு அடுப்பும் இருக்கிறது. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயிலில்தான் இந்த ஊரின் ஏழை வீடுகள் சமைக்கின்றன. நெய் கிலோ என்ன விலை, தேங்காயெண்ணெய் 2025இல் எங்கே போய் நின்றது என்று தெரிந்தவர் எவரும் அந்தத் தாய்மாரிடம் போய் மற்றதெல்லாம் விஷம் என்று சொல்ல மாட்டார். கட்டுபடியாகும் விலையில் தென்னை விவசாயியின் எண்ணெய் ரேஷனுக்கு வர வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. கடலையெண்ணெயும் நல்லெண்ணெயும் அதோடு வர வேண்டும். அதற்காகப் போராடலாம். தென்னைக்கு விலை கேட்பதற்கு இதயத்தைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு என்ன வாங்குவது என்று கேட்பவர்களுக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பல காலமாகச் சொல்லிவரும் வழி இருக்கிறது: ஒரே எண்ணெயில் நிற்காதீர்கள், மாற்றி மாற்றி வாங்குங்கள், மொத்த அளவைக் குறையுங்கள். நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் அன்றாடத்துக்கு. அவியலுக்குத் தேங்காயெண்ணெய். சூடான சாதத்துக்கு ஒரு கரண்டி நெய். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். இதில் புதுமை எதுவும் இல்லை, நம் பாட்டிகள் நடத்திய அடுப்பே இதுதான்.

முன்னோர்களைப் பற்றிய பிழையைக் கட்டுரையாளர் திருத்திக்கொள்ளாவிட்டாலும் போகட்டும், காவிரிக்கரைச் சமையல் அதனால் மாறிவிடாது. மாத்திரையைப் பற்றிய பத்தியை மட்டும் அடுத்த இதழிலேயே, தன் பெயரைப் போட்டு, அவர் திரும்பப் பெற வேண்டும்.