அழிறப்பரை வைத்துவிட்டு அளப்போம்

கொதிக்கிற தண்ணீருக்குள் வெப்பமானியை விட்டோம். 97 காட்டியது. "100 எண்டு எழுதுங்கோ, புத்தகத்தில அப்படித்தானே கிடக்கு" என்றார்கள். அழிறப்பரை எடுத்தோம், அழித்தோம், எழுதினோம், புள்ளியும் வாங்கினோம். எங்களில் சிலர் சல்லிக்காரர், சிலர் ரவுண்பக்கம். பள்ளிக்கூடங்கள்தான் வேறு, கதை ஒன்று.

கடற்கரை ஊரில் 100 வரவேண்டும் என்பது சரி. அப்போ 97 எங்கிருந்து வந்தது? அதே வெப்பமானியை உருகுகிற ஐஸுக்குள் விட்டுப் பார்த்திருக்கலாம். அங்கேயும் சைபருக்கு 3 பாகை கீழே காட்டினால், பிழை கருவியில். அதைக் கண்டபிறகு 3ஐக் கூட்டினால் திருத்தம். விடையைப் பார்த்துக் கூட்டினால் புளுகு.

"விஞ்ஞானிகளும் இதைத்தானே செய்யினம், பிழைதிருத்தம் எண்டு பேர் வச்சு?" என்று கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள். இல்லை என்கிறோம்.

சூரியனுக்குள் இருக்கிற இரும்பு கதிர்வீச்சை எவ்வளவு மறிக்கிறது? இந்த ஒளிபுகாமையை வைத்துத்தான் சூரியனின் உள்ளமைப்பைக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடத்தில் ஜிம் பெய்லி குழு, 'இசட்' இயந்திரத்தால் மெல்லிய இரும்புப் படலத்தை ஏறத்தாழ 20 இலட்சம் பாகைக்குச் சூடாக்கி, அதனூடாக எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, நிறமாலைமானியால் அளந்தது. 2015இல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது: அலைநீளத்தைப் பொறுத்து, கோட்பாடு சொன்னதைவிட 30 முதல் 400 சதவீதம் அதிகம்.

பிழைக்கு இடம் இல்லாமலில்லை. சூடான இரும்பு தானும் ஒளிரும். கருவிக்குள் சிதறும் கதிர் பின்னணியாகச் சேரும். அதைக் கழிக்க மறந்தால் இரும்பு குறைவாக மறிப்பதுபோலத் தெரியும். மிஞ்சிக் கழித்தால் கூடுதலாக மறிப்பதுபோலத் தெரியும். பாய்ச்சும் கதிரின் பிரகாசமும் ஒவ்வொரு தடவையும் ஒரேயளவாக இருக்காது.

புத்தக எண்ணுக்கு ஏற்றபடி கழித்திருந்தால் சண்டையே வந்திராது. அவர்கள் செய்தது வேறு. அதே இயந்திரத்தில் குரோமியத்தையும் நிக்கலையும் அளந்தார்கள். அவைதான் அவர்களுடைய ஐஸ். கருவியில் பொதுவான பிழை இருந்தால் மூன்றிலும் தெரியவேண்டும். 2019இல் டைசுகே நாகயாமாவும் கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவின்படி, குறுகிய அலைநீளப் பகுதியில் மற்ற இரண்டும் கோட்பாட்டோடு ஒத்துப்போயின. இரும்பு மட்டும் முரண்டு பிடித்தது. தங்கள் அளவை வேறொரு ஆய்வுகூடமும் வேறு கருவியால் சோதிக்கட்டும் என்று விட்டார்கள். கலிபோர்னியாவின் தேசியப் பற்றவைப்பு நிலையத்தில் அந்த வேலை தொடங்கியது.

"கலைப்பீடக்காரருக்கு இது எதுக்கு?" என்று கேட்கலாம். கருதுகோளுக்கு ஒத்துவராத வினாக்கொத்தை ஓரமாய்ப் போட்டுவிட்டு ஆய்வறிக்கை எழுதுவது எங்கள் பக்கத்திலும் நடக்கிறதுதானே? வெப்பமானியோடு பழகிய கைதான் அதையும் செய்கிறது.

97 என்றால் 97 என்றே எழுதுவோம். ஐஸில் எவ்வளவு காட்டியது என்பதையும் பக்கத்திலேயே எழுதுவோம். புள்ளி குறைந்தால் குறையட்டும்.