விரிந்தது பிளே ஆஃப். சரிந்தன பழைய கோட்டைகள்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் என்ன நடக்கிறது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசியப் பட்டத்தை இண்டியானா பல்கலைக்கழகம் முதன்முறையாகக் கைப்பற்றியுள்ளது. 2026 ஜனவரி 19 அன்று நடைபெற்ற இறுதியாட்டத்தில் மயாமி பல்கலைக்கழகத்தை 27-21 என்ற கணக்கில் அந்த அணி வீழ்த்தியது. பருவம் முழுவதும் ஆடிய 16 ஆட்டங்களிலும் வென்ற இதே அணிதான், 2023 பருவத்தில் 12 ஆட்டங்களில் ஒன்பதில் தோற்றிருந்தது. அதன் வரலாற்றுக் கணக்கில் 700-க்கும் மேற்பட்ட தோல்விகள் உள்ளன.

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடப்படும் இந்த விளையாட்டின் ரசிகர்களிடையே, இவ்வெற்றி ஒரு பழைய விவாதத்தைக் கூர்மையாக்கியுள்ளது. மரபுவழிப் பெரும் அணிகளின் பிடி தளர்ந்ததற்கு பிளே ஆஃப் சுற்றின் விரிவாக்கமே காரணமா என்பதே அக்கேள்வி.

1998 முதல் 2013 வரை, தரவரிசையின் முதல் இரண்டு அணிகள் மட்டுமே பட்டத்துக்காக மோதின. 2014-இல் நான்கு அணிகள் கொண்ட பிளே ஆஃப் தொடங்கியது. 2023-இல் 13 ஆட்டங்களிலும் வென்ற ஃபுளோரிடா ஸ்டேட் அணிக்கு அதில் இடம் மறுக்கப்பட்டது கடும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தபடி, அடுத்த ஆண்டு முதல் 12 அணிகள் சேர்க்கப்பட்டன.

விரிவாக்கத்தை எதிர்ப்போர் கூறும் காரணமும் புறக்கணிக்கத்தக்கதல்ல. 2024 நவம்பரில் பரம எதிரியான மிச்சிகனிடம் சொந்த மண்ணில் 13-10 எனத் தோற்ற ஓஹையோ ஸ்டேட், அடுத்த ஜனவரியில் நோட்டர் டேம் அணியை வீழ்த்தித் தேசியப் பட்டத்தையே வென்றது. முன்பு ஒரு பருவத்தையே முடித்துவிடக்கூடிய தோல்வி, இப்போது கடந்து செல்லத்தக்க சறுக்கலாகிவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமை ஆட்டமும் வாழ்வா சாவா என்றிருந்த நிலை மறைகிறது என்பது அவர்களது கவலை.

ஆனால், கோட்டைகள் சரிந்ததற்கான வேர் வேறிடத்தில் உள்ளது. 2021-இல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்கு அளித்து வருமானம் ஈட்ட அனுமதிக்கப்பட்டனர். ஓராண்டு காத்திருக்காமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி உடனே ஆடும் உரிமையும் அதே ஆண்டில் கிடைத்தது. 2025 ஜூலை முதல், பல்கலைக்கழகங்களே ஆண்டுக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம்.

இதன் விளைவு வெளிப்படையானது. முன்பு அலபாமா, ஜார்ஜியா போன்ற அணிகளில் சிறந்த இளம் வீரர்கள் வாய்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அந்த இரண்டாம், மூன்றாம் வரிசையே அவ்வணிகளின் உண்மையான செல்வம். இன்று காத்திருக்க எவருக்கும் அவசியமில்லை. கடந்த இரண்டு இறுதியாட்டங்களிலும் ஆட்டத்தை வழிநடத்திய நான்கு குவாட்டர்பேக் வீரர்களும் வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து மாறி வந்தவர்களே.

2006 முதல் 2022 வரையிலான 17 பருவங்களில் 13 பட்டங்களை வென்றவை தென்கிழக்கு லீக் அணிகள். அதன்பின் நடந்த மூன்று இறுதியாட்டங்களில் அந்த லீக்கின் ஓர் அணிகூட இடம்பெறவில்லை.

புகழ் மட்டும் இனி காப்பாற்றாது என்பதற்கு நெப்ராஸ்கா சான்று. ஐந்து தேசியப் பட்டங்களை வென்ற அந்த அணியின் அரங்கம் 1962 முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நிரம்பி வழிகிறது. எனினும், பிளே ஆஃப் சுற்றில் அது ஒருமுறைகூட நுழைந்ததில்லை. பென் ஸ்டேட் 2025 பருவத்தைத் தரவரிசையில் இரண்டாமிடத்தில் தொடங்கியது. அக்டோபரிலேயே தலைமைப் பயிற்சியாளரைப் பணிநீக்கம் செய்தது.

அப்படியெனில் வாய்ப்பு சமமாகிவிட்டதா? முழுமையாக இல்லை. கடைசி மூன்று பட்டங்களையும் வென்ற மிச்சிகன், ஓஹையோ ஸ்டேட், இண்டியானா ஆகிய மூன்றும் தொலைக்காட்சி வருவாயில் கொழிக்கும் பிக் டென் லீக்கைச் சேர்ந்தவை. இண்டியானாவை உயர்த்திய பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி, ஜேம்ஸ் மேடிசன் என்ற சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து தம் வீரர்கள் பலரையும் உடன் அழைத்து வந்தவர். 2025-இல் ஜேம்ஸ் மேடிசனும் பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. ஆனால், அதன் அடுத்த பயிற்சியாளரையும் அதே பிக் டென் லீக்கின் மற்றோர் அணி ஒப்பந்தம் செய்துகொண்டது. சிறிய அணி வளர்க்கிறது. வசதி படைத்த அணி அறுவடை செய்கிறது.

அணிகளின் எண்ணிக்கையை 16 அல்லது 24 ஆக உயர்த்தும் யோசனைகள் இப்போது முன்வைக்கப்படுகின்றன. அவை எத்தனை அணிகளுக்கு வாசல் திறக்கும் என்பதையே தீர்மானிக்கும். அந்த வாசலுக்குள் வரக்கூடிய அணியை ஒரு சிறிய பல்கலைக்கழகம் தன்னிடமே தக்கவைத்துக்கொள்ள முடியுமா என்பதைத் தீர்மானிக்கப்போவது வருவாய்ப் பங்கீடும் இடமாற்ற விதிகளுமே. ரசிகர்களின் விவாதமும் இனி அந்தத் திசையில்தான் நகர வேண்டியிருக்கும்.