சிம்பொனியும் பிரட்டுத் தப்பும்

2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் றோயல் பில்ஹார்மொனிக் இசைக்குழுவினர் இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனியை இசைத்தனர். தமிழர் பெருமிதங் கொண்டமை இயல்பே. ஆயின், இதன் பின்னரே அவர் உயர் இசையின் படைப்பாளியானார் என எம்மிற் சிலர் கூறுவது மறுத்தற்குரியது.

1943இற் பண்ணைப்புரத்திற் பிறந்த அவர், இளமையிலேயே தமையன் பாவலர் வரதராஜனின் குழுவிற் சேர்ந்து பாடினார். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தொழிலாளரிடையே பாடி வாக்குத் திரட்டியவர் அத்தமையன். பின்னரே இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்றார். 1976இல் ‘அன்னக்கிளி’, 1986இல் தியாகராஜருக்கும் பாக்கிற்கும் காணிக்கையாக ‘ஹவ் டு நேம் இட்’, 2005இல் ‘திருவாசகம்’. 1993இலேயே இதே இலண்டன் குழுவினரைக் கொண்டு அவர் பதிவுசெய்த சிம்பொனி வெளிவரவேயில்லை. இலண்டன் கைதட்டுமுன்னரே அவர் இசைமேதை என்பதற்கு இவை போதும்.

முறையான கல்வியின்றிச் சிம்பொனி இயற்றல் இயலாதென்பர். உண்மையே. ஆனால், அக்கல்வி வந்து சேர்ந்தது தொழிலாளர் நடுவே பாடிப் பழகிய ஒருவரிடம் என்பதை ஏன் மறைக்கவேண்டும்?

ஹட்டனிலிருந்து இதனைக் கேட்கக் காரணமுண்டு. இம்மலைகளில் விடியலிற் பிரட்டுக்கு அழைத்ததும், காமன்கூத்திற்கும் இழவு வீட்டிற்கும் ஒலித்ததும் தப்பே. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிற்சங்க மேடைகளிற் பாடி, 1940இல் தம் பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் பாடல்களைத் திரட்டினார். ஆயினும், எம் விழாக்களிற் தப்பு பிரதம விருந்தினரை வாயிலிலிருந்து மண்டபப் படிவரை அழைத்து வருகிறது. அதற்கப்பால் மேடை வீணைக்கும் மிருதங்கத்திற்குமே உரியது.

இதனை இசை பற்றிய தீர்ப்பென்று கொள்வதற்கில்லை. இது சாதியின் தீர்ப்பு. தப்பைத் தம்மேற் சுமத்தப்பட்ட இழிவின் சின்னமெனக் கருதிக் கைவிடும் இளைஞரைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. இழிவைத் துடைக்கும் கடமை, அதனை ஏற்றிய சமூகத்துக்கே உரியது.

ஆகவே, இளையராஜாவைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றுவதோடு நம் சங்கம் அமைதல் தகாது. அடுத்த மாசியிற் காமன் ஊன்றும் தோட்டமொன்றிற்கு ஒலிப்பதிவுக் கருவியுடன் செல்வோம். இசை அறிந்த விரிவுரையாளர் அவ்வடிகளின் தாளக்கட்டை எழுதட்டும். அடிக்கும் பெரியவரை எம் மண்டபத்திற்கு அழைத்து, உரிய ஊதியம் வழங்கி, மேடையில் ஆசிரியராக அமர்த்துவோம்.