வராத நாளுக்கு இரண்டு விலை

2023 மார்ச் 13 அன்று தமிழகத்தில் பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்கியது. முதல் நாள் மொழித்தாளுக்கே சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை. அன்று காலையில் திடீரென்று காணாமல் போனவர்கள் அல்லர் அவர்கள். கரோனா காலத்தில் வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களும், எப்போதாவது வகுப்பில் தலைகாட்டியவர்களும் அவர்களில் நிறையப் பேர். பதிவேட்டில் பெயர் மட்டும் இருந்தது. கல்லூரி விண்ணப்பம் மே மாதத்தில்தான் வருகிறது. இந்தப் பிள்ளைகளுக்கோ அந்த வாய்ப்பு, முந்தைய ஆண்டு விழுந்த முதல் சில ‘ஆப்சென்ட்’களிலேயே நழுவத் தொடங்கிவிட்டது.

மாநிலப் பாடத்திட்டத்தில் பாடத்துக்கு 10 அக மதிப்பெண். அதில் வருகைக்கும் பங்குண்டு. பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணுக்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இம்மூன்றிலும் ஒவ்வொரு மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃபில் 2 போய்விடும். பட்டியலின் நடுப்பகுதியில், கேட்ட கல்லூரி கைவிட்டுப் போக அந்த 2 போதும். ஆனாலும் அக மதிப்பெண்ணைப் பள்ளிகள் பெரும்பாலும் தாராளமாகவே போடுகின்றன. அடி விழுவது வேறிடத்தில்: நடத்தி முடித்த பாடத்திலும் தொட்டே பார்க்காத ஆய்வகத்திலும். ட்யூஷனுக்கு வழியுள்ள வீடு அதை ஈடுகட்டிவிடும். பள்ளியைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத பிள்ளைக்கு, போன பாடம் போனதுதான்.

மருத்துவப் படிப்பில் இது தலைகீழ். 2017 முதல் தமிழகத்திலும் எம்பிபிஎஸ் இடத்தை நீட் தேர்வே முடிவு செய்கிறது. பிளஸ் டூ மதிப்பெண் வெறும் தகுதிக்கு. பொதுப் பிரிவினருக்கு அறிவியல் பாடங்களில் 50 சதவீதம் இருந்தால் போதும். அதனால் பள்ளிக்கே போகாமல் நாள் முழுவதும் பயிற்சி மையத்தில் இருப்பவருக்கு அது ஆதாயம். சிபிஎஸ்இ 75 சதவீத வருகையைக் கட்டாயமாக்கியிருந்தும், வகுப்புக்கு வராதவர்களைப் பெயரளவில் சேர்த்துக்கொள்ளும் ‘டம்மி’ பள்ளிகள் பெருகின. 2024 செப்டம்பரில் டெல்லியிலும் ராஜஸ்தானிலும் திடீர்ச் சோதனை நடத்திய வாரியம், நவம்பரில் 21 பள்ளிகளின் இணைப்பை ரத்து செய்தது. நல்ல நடவடிக்கை. நோயின் வேர் மட்டும் நுழைவுத் தேர்வில் அப்படியே இருக்கிறது. ஒரே வராத நாள், பணமுள்ள மாணவருக்கு முதலீடாகவும் கூலிவேலைக்குப் போகும் மாணவருக்கு இழப்பாகவும் ஆவதைச் சகித்துக்கொள்ள முடியாது.

தமிழகம் இதற்கு ஓரளவு மருந்திட்டிருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரி சேர்ந்தபின் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் கழித்த ஆண்டுகளைக் கல்லூரி இடமாக மாற்றும் இந்த ஏற்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால், ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றுவிட்ட பிள்ளையை இந்தக் கதவுகள் எதுவும் எட்டாது.

ஆகவே, 75 சதவீதம் என்ற கோட்டைத் தேர்வறை வாசலில் போடுவதில் பயனில்லை. அதை மாணவர் மீது வீசும் தண்டனையாக்கினால், வருகையை விலைக்கு வாங்க முடிந்தவர் தப்புவார். செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் போன பிள்ளையும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பெண்ணும் மாட்டிக்கொள்வார்கள். கண்டிப்பு, போலி வருகை போடும் பள்ளி நிர்வாகத்தின் மீதே பாய வேண்டும். மாணவர் வருகை பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் அன்றாடம் ஏறுகிறது. ஒருவர் தொடர்ந்து பத்து நாள் வராவிட்டால் அந்த வீட்டுக் கதவைத் தட்ட ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவரிடம் பேருந்துக் கட்டணத்துக்கும் விடுதி இடத்துக்கும் ஏற்பாடு செய்யும் அதிகாரமும் இருக்க வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஒவ்வொரு மாவட்டமும் இப்படி வராதவர்களின் பட்டியலை வெளியிடட்டும், பெயர்கள் இல்லாமல், எண்ணிக்கையாக.