தொட்டியில் பாசியா? தண்ணீரைக் கொட்டாதீர்கள்!

புதுச்சேரிக்காரர்களுக்கு மீன் பார்த்து வாங்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. குபேர் அங்காடி என்று பெயர் வைத்தாலும், ஊர் வாயில் அது என்றைக்கும் பெரிய மார்க்கெட்தான். அங்கே மீன் பகுதிக்குள் நுழைகிற இல்லத்தரசி முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார். விரலால் ஓர் அழுத்து. அதற்குப் பிறகுதான் விலையே பேசுவார்.

அதே வீட்டுக்குப் பிள்ளைகளின் நச்சரிப்பால் ஒரு கண்ணாடித் தொட்டி வந்துவிட்டால், இந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லாம் எங்கேயோ போய்விடுகிறது.

முதல் வாரம் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம் வரும். கூழாங்கல்லில் வழவழப்பு ஏறும். சில வீடுகளில் தண்ணீரே கீரை மசித்த மாதிரி பச்சையாகிவிடும். உடனே ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டுவார். தண்ணீர் மொத்தத்தையும் கொட்டி, கல்லுக்குச் சோப்புப் போட்டு, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசி, புதுத் தண்ணீர் நிரப்பி மீனை விடுவார். மறுநாள் இரண்டு மீன்கள் மல்லாந்து மிதக்கும். பிள்ளைகள் அழும். "பாசிதான் மீனைக் கொன்னுடுச்சு" என்று வீட்டில் தீர்ப்பாகிவிடும்.

பாசி பாவம். கொன்றது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம்தான்.

கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்கள்

மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. மீனுக்கு அது விஷம். தொட்டியில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இது அவ்வளவு ஆபத்தில்லை. இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டர் பஞ்சிலும் கல் இடுக்கிலும் நிலையாகக் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

சோப்பும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் அந்தக் கூட்டத்தை அழித்துவிடுகின்றன. அம்மோனியா மறுபடி ஏறுகிறது. மார்க்கெட்டில் செவுளைப் பார்க்கிற அதே கண்ணை இங்கேயும் பயன்படுத்தலாம். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா, வழக்கத்தைவிடச் சிவந்திருக்கிறதா? தண்ணீர் கெட்டுப்போனதற்கு இவையே அறிகுறி. பாசி படர்வதைவிட அவசரம் இதுதான். உடனே கால்வாசித் தண்ணீரை மாற்றி, காற்றுக் குழாயை ஓடவிட்டு, ஒரு நாள் இரையை நிறுத்த வேண்டும்.

எந்தப் பாசி?

புதுத் தொட்டியில் முதலில் வரும் பழுப்புப் படலம் டயாட்டம் என்னும் நுண்பாசி. இதற்குக் கண்ணாடி மாதிரி சிலிக்கா ஓடு உண்டு. தண்ணீரிலும் மணலிலும் இருக்கும் சிலிக்காவைத் தின்று வளரும். விரலால் தேய்த்தாலே போய்விடும். சில வாரங்களில் தானாகவே குறையும். இதற்காகக் கவலைப்படத் தேவையே இல்லை.

தண்ணீரே பச்சையாவது, மிதக்கும் நுண்பாசியால். வெயிலும் மிஞ்சிய இரையும்தான் அதற்குச் சாப்பாடு. நூல் நூலாக வளரும் பச்சைப் பாசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி எடுத்துவிடலாம்.

போர்வை மாதிரி படர்ந்து, துர்நாற்றமும் அடித்தால் அது நீலப்பச்சைப் பாசி. உண்மையில் அது பாக்டீரியா இனம். ஆரோவில்லில் வளர்த்துச் சத்துணவாக விற்கப்படும் ஸ்பைருலினாவும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அதற்காகத் தொட்டியில் வருவதை யாரும் ருசி பார்க்க வேண்டாம்! ஏடு ஏடாக உரித்தெடுத்து, குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றுவதுதான் வழி.

வெளிச்சம், இரை, தண்ணீர்

பாசிக்கு வேண்டியவை வெளிச்சமும் உரமும். இரண்டையும் கட்டுப்படுத்தினால் பாசி அடங்கும்.

தொட்டியை ஜன்னலோரத்தில் வைப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் முதல் தவறு. கிழக்கு வெயில் நேராக விழுந்தால் எந்த மருந்தும் பலிக்காது. விளக்கும் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க அழகுக்காக எரியவிடுவது பாசிக்கு வைக்கிற விருந்து. தண்ணீர் ரொம்பவே பச்சையாகிவிட்டால், மூன்று நாள் விளக்கை அணைத்து, தொட்டியைச் சுற்றிப் போர்வை போர்த்திவிடலாம். காற்றுக் குழாய் மட்டும் நிற்கக் கூடாது. நான்காம் நாள் கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது இரை. வீட்டில் ஆளுக்கு ஒரு சிட்டிகை போட்டால் மீனுக்கு ஐந்து வேளைச் சாப்பாடு. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான் கணக்கு. ஒரு நாளைக்கு ஒரு வேளை, மிஞ்சிப்போனால் இரண்டு வேளை. போடும் பொறுப்பை ஒரே பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பிறகு தண்ணீர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 57 லிட்டர் பிடிக்கும். அதில் கால்வாசி என்றால் 14 லிட்டர், அதாவது ஒரு பெரிய வாளி. வாரம் ஒரு வாளி எடுத்து ஒரு வாளி ஊற்றினால் போதும். இதற்கென்றே சோப்புப் படாத வாளி ஒன்று தனியாக இருக்கட்டும். ஃபில்டர் பஞ்சையும், வெளியே எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலச வேண்டும். மிச்சத் தண்ணீரை மல்லிச்செடிக்கு ஊற்றலாம். நல்ல உரம்.

பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம், முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் வந்ததன் நினைவுச் சின்னம். நல்ல தண்ணீரின் அருமை தெரிந்த ஊர் இது. ஆனால் நமக்கு நல்லதாகச் செய்யும் குளோரின் மீனுக்கு ஆகாது. குழாய்த் தண்ணீரை அகலமான வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். அவசரம் என்றால் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சொன்ன அளவில் சேர்க்கலாம். கடலோரப் பகுதி ஆழ்துளைக் கிணற்றில் உப்புக் கரித்தால், கப்பி, மாலி போன்ற மீன்கள் அதை ஓரளவு தாங்கும்.

வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகள் நான்கைந்து கொத்து இருந்தால், பாசி தின்ன வேண்டிய நைட்ரேட்டை அவை தின்றுவிடும். பாசிக்குப் பங்காளியைக் கொண்டுவந்து விடுகிற வேலைதான் இது.

துப்புரவு மீன் வாங்கலாமா?

"கண்ணாடியை நக்கியே சுத்தம் பண்ணிடும்" என்று சொல்லி விற்கப்படும் மீன், உறிஞ்சுவாய்க் கெளுத்தி. விரல் நீளத்தில் வாங்குகிறோம். அது ஓரடிக்கு மேல் வளரும். அதன் கழிவே பாசிக்கு உரமாகும். அதைவிடப் பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான். தொட்டியில் இடம் போதாமல், "பாவம், உயிரோடவாவது இருக்கட்டும்" என்று ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் இன்று தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல நீர்நிலைகளில் பெருகிவிட்டது. முள்ளும் கெட்டித் தோலும் வலையைக் கிழிக்கின்றன. நாட்டு மீன்களின் இரையும் இடமும் பறிபோகின்றன. பறவைகள் சரணாலயமான ஊசுடு ஏரிக்கு அந்தக் கதி வரக் கூடாது. வளர்க்க முடியாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் புண்ணியம்.

பாசிக்கொல்லி மருந்திலும் எச்சரிக்கை தேவை. தாமிரம் கலந்தவை நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். பாசி மொத்தமாகச் செத்து அழுகும்போது தண்ணீரின் பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திர நாட்களில், வெந்நீர் மாதிரி கிடக்கும் தொட்டியில் பிராணவாயு ஏற்கெனவே குறைவு. அப்போது மருந்து ஊற்றினால் மீன் மூச்சுத் திணறிப் போகும்.

இரண்டு மாதம் பொறுத்தால் தொட்டி தானாகவே ஒரு நிலைக்கு வரும். அதற்குப் பிறகும் பின்பக்கக் கண்ணாடியில் கொஞ்சம் பச்சை இருந்தால் இருக்கட்டும். மீன் அதை அவ்வப்போது கொறித்துக்கொள்ளும். முன்பக்கத்தை மட்டும் வாரம் ஒருமுறை துடைத்தால் பிள்ளைகளுக்கு மீன் தெரியும்.